லேபிள் அடிக்கற புரோகிராமுக்கு டெக்ஸ்லைவ் எதுக்குங்க?

பல்லடத்தான்:
திருப்பூர்ல ஒரு நிட்டிங் கம்பெனிக்கு, துணி ரோல் எடை போட்டு லேபிள் அடிக்கற சின்ன புரோகிராம் எழுதிக் குடுத்தேனுங்க. உபுண்டு லினக்ஸ்ல நிறுவறதுக்கான டெப் பேக்கேஜ். என் லேப்டாப்புல ஒரு நிமிசத்துல பில்ட் ஆயிரும். அதையே எஸ்பில்டுல (சுத்தமான எடத்துல பேக்கேஜ் கட்டற கருவி), ஒண்ணுமில்லாத க்ரூட்டுல, அதாவது தனியாப் பிரிச்சு வெச்ச குட்டி சிஸ்டத்துல போட்டேன். கம்பைல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டெக்ஸ்லைவும் (அச்சுக்கோக்கற பெரிய தொகுப்பு) கிராஃப்விஸும் (வரைபடம் போடறது) எறங்கிட்டே இருக்குது. கோடுல இருந்து கையேடு எடுக்கற டாக்ஸிஜன்ல பிடிஎஃப் கையேடு போடறதுக்குன்னு, கட்டறதுக்கு என்னென்ன வேணும்னு சொல்ற பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில எப்பவோ நானே எழுதி வெச்சது. அந்தக் கையேட்டை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் தொறந்ததில்ல. பாதியில கரண்ட் போயி ரவுட்டரும் படுத்துருச்சு.

கையேட்டைத் தனி பேக்கேஜாப் பிரிச்சு, அந்த ரெண்டையும் பில்ட்-டிபெண்ட்ஸ்-இண்டெப் வரிக்கு (எல்லா வகை மெசினுக்கும் பொதுவான பேக்கேஜுக்கு மட்டும் வேண்டியது) மாத்தினேன். இப்ப புரோகிராம் பேக்கேஜை மட்டும் கட்டறப்ப அதெல்லாம் உள்ள வர்றதில்ல.

அதோட உட்டிருக்கலாம். கை அரிச்சு, பிரிண்ட் பண்றதுக்கான கப்ஸோட டெவ் பேக்கேஜையும் (கம்பைலுக்கு வேண்டிய ஃபைலுங்க) தூக்கிட்டேன். பில்ட் பாஸ். மக்கா நாள் சூப்பர்வைசர் போனு: "ஏனுந் தம்பி, பிரிண்ட் பட்டனையே காணோமே?" கம்பைலுக்கு முன்னாடி என்னென்ன இருக்குதுன்னு பாக்கற கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் கப்ஸைத் தேடியிருக்குது, இல்லைன்னதும் "நோ"ன்னு லாக்ல ஒரு வரி எழுதிப்போட்டு, பிரிண்ட் வசதியை விட்டுட்டு சத்தமில்லாமப் போயிருச்சு. இப்ப பேக்கேஜ் எப்படிக் கட்டணும்னு சொல்ற ரூல்ஸ் ஃபைல்ல வித்-கப்ஸ்னு கண்டிசனாச் சொல்லியிருக்கறேன். கப்ஸ் இல்லீன்னா பில்ட் அங்கயே விழட்டும்.

கோபிக்காரி:
எனக்கு நேரெதிருங்ணா. நான் ஃபெடோரா லினக்ஸ். 2018ல ஃபெடோரா 29க்கு பில்ட்ரூட்ல (கட்டறப்ப தானா எறங்கற அடிப்படைத் தொகுப்பு) இருந்து ஜிசிசிங்கற சி கம்பைலரை எடுத்துட்டாங்க. சி கோடே இல்லாத பைத்தான் பேக்கேஜுக்கும் கம்பைலர் எதுக்கு எறங்கணும்? நியாயந்தான். ஆனா என் ஸ்பெக் ஃபைல்ல (ஃபெடோரா பேக்கேஜோட குறிப்பு ஃபைல்) பில்ட்ரிக்வயர்ஸ்ல, அதான் உங்க பில்ட்-டிபெண்ட்ஸ் மாதிரி, ஜிசிசின்னு எழுதினதே இல்ல. அதுபாட்டுக்கு இருந்ததால எழுதணும்னே தோணல. எஸ்பில்டு மாதிரியே எங்க பக்கம் இருக்கற மாக்ல போட்டதும் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". ஒரு வரி சேர்க்க ஒரு சாயங்காலம் போச்சு.

உபுண்டுக்கு மூலமான டெபியன்லயும் ஜிசிசின்னு எழுதணுமுங்களா?

பல்லடத்தான்:
இல்லீங்க. ஜிசிசி, மேக் எல்லாம் எல்லா பில்டுக்கும் தானா எறங்கற பில்ட்-எசென்ஷியல்ல வந்துரும், எழுத வேண்டியதில்ல.

ஈரோட்டுப் பையன்:
அண்ணா, எந்த வரியை எடுக்கலாம்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?

பல்லடத்தான்:
ஒரு வரியை எடு, கட்டு. பாஸ் ஆச்சுன்னு குதிக்காதே. பழைய டெப்பையும் புதுசையும் ரெண்டுக்கும் வித்தியாசம் காட்டற டெப்டிஃப்ல போட்டுப் பாரு. அன்னிக்கே பாத்திருந்தா, ஓடறதுக்கு என்ன வேணும்னு சொல்ற டிபெண்ட்ஸ் வரியில இருந்து லிப்கப்ஸ் (கப்ஸ் லைப்ரரி) காணாமப் போனது எனக்கும் தெரிஞ்சிருக்கும்.