ஹோனிங்: மெருகிடலா, இழைத்தலா?

துளையின் உட்சுவரைக் கற்களால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் 'ஹோனிங்' (honing) வேலைக்கு நம் பட்டறைக் கலைச்சொல் பட்டியலில் தமிழ்ச்சொல் வேண்டும். வந்த கேள்விகளுக்கு என் பதில் இதோ.

> "பீப்பாயின் உட்புறத்தை மெருகிடுதல்" என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

நண்பரே, முதலில் அந்தப் பீப்பாயை உருட்டிவிட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் 'barrel'தான், ஆனால் பெயின்ட்பால் துப்பாக்கிக்கு (சாயக்குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) இருப்பது குழல். பீப்பாயில் எண்ணெய்தான் ஊற்றி வைக்கலாம். குழலுக்குள் செருகும் துண்டுக்கு நீங்கள் வைத்த 'உட்குழல்' அருமை, அதைத் தொட வேண்டாம்.

என் சண்டை மெருகிடலோடுதான், அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. பெயின்ட்பால் குண்டு 0.68 அங்குலம், சுமார் 17.3 மி.மீ. என்பது பெயரளவில் மட்டும். ஜெலட்டின் ஓடு ஈரக்காற்றில் ஊதிக்கொள்ளும், அதனால்தான் உள்விட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுபடும் உட்குழல்களை ஆட்டக்காரர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். குண்டை உள்ளே போட்டால் தானாக உருண்டு விழக்கூடாது, வாயால் ஊதினால் வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் சரியான பொருத்தம். அப்படி ஓர் உட்குழலை வீட்டு லேத்தில் (கடைசல் இயந்திரம்) அலுமினியத்தில் கடைந்தேன். துளை போட்டு, போரிங் பார் என்ற உள்வெட்டுக் கம்பியால் பெருக்கி, துளையை அளவுக்குச் சீராக்கும் பல்லுள்ள கருவியான ரீமர் விட்டாயிற்று. ரீமரின் பல்லில் அலுமினியம் ஒட்டிக்கொண்டு, உள்ளே நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துவிட்டது. சரி, மெருகு போட்டால் போய்விடும் என்று, நுனி பிளந்த கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்த்தேன். கோடு போனது. குண்டும் போனது, ஊதாமலேயே! குழலின் வாய்ப்பக்கம் தாள் அதிக நேரம் நின்றதால் அங்கே மட்டும் புனல் மாதிரி அகன்றிருந்தது.

மெருகு என்ற சொல் மனதில் இருந்ததால் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அளவுமானியை எடுக்கவே இல்லை. ஹோனிங்கில் பளபளப்பு வந்தால் அது கூடவே வருகிற விஷயம். வேலை என்னவோ, அளவைக் கொண்டுவருவதும் துளையை நேராக, வட்டமாக ஆக்குவதும்தான். முறையான ஹோனிங்கில் கற்கள் சுவரை அழுத்திக்கொண்டு சுழலும், அதோடு முன்னும் பின்னும் போய்வரும், கடைசியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் மிஞ்சும். அது கண்ணாடிப் பளபளப்பே இல்லை.

> 'துளைச்சாணை' என்று வைத்தால் என்ன? ஆங்கிலத்திலும் அது சாணைக்கல்தானே.

ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். தமிழில் சாணை என்றதும் கத்தியும் தீப்பொறியும்தான் நினைவுக்கு வரும். அதோடு கிரைண்டிங்குக்குச் சாணை பிடித்தல் என்று பட்டறையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. துளைக்குள் சாணைச்சக்கரம் விடுவது தனி வேலை, அதற்கும் ஒரு பெயர் வேண்டுமே.

நான் முன்வைப்பது 'இழைத்தல்'. சந்தனம் இழைக்கிறோம், உரைமருந்து இழைக்கிறோம்: கல், ஈரம், மெதுவான அழுத்தம், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கரைகிறது. ஹோனிங்கும் அப்படியேதான். துளைக்குள் செய்வதைத் தெளிவாக்க 'துளையிழைப்பு', கருவிக்கு 'இழைகல்'. முதலில் 'உள்ளிழைப்பு' என்றுதான் யோசித்தேன், ஆனால் 'உள்ளிழை' என்று பிரித்து நூலிழையாகப் படிக்கவும் இடமிருக்கிறது, விட்டுவிட்டேன்.

தச்சரின் இழைப்புளி குறுக்கே வருமே என்று யாராவது கேட்பீர்கள். வரும்தான். ஆனால் அதுவும் பொருளைச் சீவி அளவுக்குக் கொண்டுவருகிற கருவிதான், மெருகு அளவுக்கு அது நம்மை ஏமாற்றாது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ரீமர் விடும் வேலையான ரீமிங்குக்குச் சொல் இன்னும் பாக்கி. 'துளைச்சீர்' என்று யாரோ போட்டிருக்கிறார்கள், எனக்கு அதில் அரை மனசுதான். அதை அடுத்த மடலில் அடித்துக்கொள்வோம்.