ஃபில் காலின்ஸ் தெரியும், ஜெனிசிஸ் தெரியாது: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

யீஷூன்_தம்பி:
வணக்கம். அப்பா காரில் ஃபில் காலின்ஸ் ஓடாத நாள் கிடையாது, அதனால் சின்ன வயதிலிருந்தே அந்தக் குரல் பழக்கம். போன வாரம் வீட்டுக்கு வந்த சித்தப்பா, "அந்த ஆளு முதல்ல டிரம்ஸ் வாசிச்சவன்டா, ஜெனிசிஸ் கேட்டிருக்கியா, ஒரு பாட்டே 23 நிமிஷம்" என்றார். ஜெனிசிஸ் ஒரு பிரிட்டிஷ் ராக் குழுவாம், தேடினால் ஆல்பம் ஆல்பமாக வருகிறது. ஒன்றின் அட்டையில் சிவப்பு கவுன் போட்ட நரி, இன்னொன்றில் ஒரு கை. சரி என்று நரி ஆல்பத்தில் அந்த நீளப் பாட்டைப் போட்டுக்கொண்டு யீஷூனில் ரயில் ஏறினேன், இரண்டு நிலையம் தள்ளி இயோ சூ காங் வருவதற்குள் பொறுமை போய்விட்டது. எதில் தொடங்கினால் மனசில் ஒட்டும்?

பழைய_கேசட்:
தம்பி, "1975ல் பாடகர் பீட்டர் கேப்ரியல் போனதோடு ஜெனிசிஸ் முடிந்தது" என்று நிறையப் பேர் சொல்வார்கள். முப்பது வருஷமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது ஆல்பங்களை வரிசையாகத் திரும்பக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை. குழுவின் சத்தம் மாறியது 1977ல், கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஹாக்கெட் விலகிய பிறகுதான். அதனால் நீ 1976ல் வந்த 'எ டிரிக் ஆஃப் த டெயில்' ஆல்பத்தில் தொடங்கு. பாடுவது காலின்ஸ், ஆனால் பின்னால் ஓடுவது அதே பழைய ஜெனிசிஸ். காலின்ஸ் பாடுவதும் திடீரென்று நடந்ததில்லை, 1971லேயே 'நர்சரி கிரைம்' ஆல்பத்தில் ஒரு சின்னப் பாட்டைப் பாடியிருக்கிறார்.

'த லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' (1974) கேப்ரியலோடு வந்த கடைசி ஆல்பம், அதைப் பிறகு கேள். என்னிடம் இருந்தது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டு கேசட், சிங்கப்பூரில் 1987 பதிப்புரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம் அது. ஆல்பமோ முழுக்க ஒரே கதை, 94 நிமிஷம், கேசட் 90. கடைசிப் பாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் டக்கென்று நின்றுவிடும். கதையை வேண்டுமென்றே அந்தரத்தில் விட்டிருக்கிறார்கள், என்ன ஒரு துணிச்சல் என்று நண்பர்களுக்கு விளக்கம் வேறு கொடுத்திருக்கிறேன். பல வருஷம் கழித்து சிடி வாங்கியபோதுதான் மானம் போனது.

மிச்ரசாபு:
அண்ணன் சொன்ன 1976 ஆல்பத்தின் முதல் பாட்டே ஏழு எண்ணிக்கைத் தாளத்தில்தான் தொடங்குகிறது. கொஞ்ச நாள் மிருதங்கம் கற்றவள் என்பதால் சொல்கிறேன், தொடையில் தட்டிக்கொண்டே கேட்டால் சீக்கிரம் பிடிபடும், வெறுமனே கேட்டால் எங்கேயோ இடறுகிற மாதிரி இருக்கும்.

ஆனால் ஹாக்கெட் போனதும் எல்லாம் எளிமையாகிவிட்டது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1980ல் 'டியூக்' ஆல்பத்தில் 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' என்று ஒரு பாட்டு, பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது, அதன் எண்ணிக்கை 13! எங்கள் அலுவலக டின்னர் அண்ட் டான்ஸில் யாரோ தெரியாமல் அதைப் போட்டுவிட்டார்கள். உற்சாகமாக எழுந்து போனவர்கள் எல்லாம் ஒரு நிமிஷத்தில் கால் பின்னி, ஏதோ தண்ணீர் குடிக்க வந்தவர்கள் போல ஓரமாக நின்றார்கள்.

பழைய_கேசட்:
தங்கச்சி, நான் எளிமை என்று சொல்லவில்லை, சத்தம் மாறியது என்றுதான் சொன்னேன். 'டியூக்' நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் வந்த 'அபகாப்' பற்றி மட்டும் பேச்செடுக்காதே, இரவு தூக்கம் போய்விடும்.

தம்பி, அந்த 23 நிமிஷப் பாட்டை ரயிலில் கேட்காதே. அது 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972) இசைத்தட்டின் இரண்டாம் பக்கம். அதற்கு முன்னால் ஹாக்கெட் தனியாக வாசிக்கும் ஒரு குட்டி கிட்டார் துண்டு இருக்கிறது. அங்கேயிருந்து ஆரம்பித்து, விளக்கை அணைத்துவிட்டு, தட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி நினைத்துக்கொண்டு கேள்.

யீஷூன்_தம்பி:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. நேற்று பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் மாட்டியபோது 1976 ஆல்பத்தை அப்பா காரிலேயே போட்டேன். முதல் பாட்டுக்கு ஸ்டீயரிங்கில் தட்டிப் பார்த்தார், தாளம் அகப்படவில்லை, விட்டுவிட்டார். இரண்டாவது பாட்டு பாதியில், "டேய், இது நம்ம ஆளு குரல்தானே?" என்றார். இன்றைக்கு 'டியூக்'.