புட்னி விவாதங்கள் படித்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசிப்பு வட்டத்தில் 1647 புட்னி விவாதங்கள் பற்றிப் பேச வேண்டும். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னரை வென்ற பாராளுமன்றப் படை, நாட்டை இனி எப்படி ஆள்வது என்று லண்டன் அருகே புட்னியில் நடத்திய விவாதங்கள் அவை. ஓர் இடத்தில் தெளிவு தேவைப்படுகிறது.

அக்டோபர் 29 அன்று, கிராம்வெல் தளபதிகளில் ஒருவராக இருந்த அந்தப் படையினர் முதலில் ஜெபம் செய்கிறார்கள், அப்புறம் வாக்குரிமை பற்றி மோதிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரிய மனிதரைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை உண்டு, தன் சம்மதம் இல்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் இல்லை என்கிறார் கர்னல் ரெயின்ஸ்பரோ. சொத்து இல்லாதவர்களுக்கும் வாக்கு கொடுத்தால் சொத்துரிமையே போய்விடும் என்று மறிக்கிறார் கிராம்வெல்லின் மருமகனான தளபதி அயர்ட்டன். விவாதத்தைப் பதிவுசெய்த வில்லியம் கிளார்க்கின் சுருக்கெழுத்துக் குறிப்புகளில் அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

1938ல் இவற்றைப் பதிப்பித்த வுட்ஹவுஸ் நீண்ட முன்னுரை எழுதினார். கடவுள் முன் விசுவாசிகள் சமம் என்ற நம்பிக்கை, அரசியலிலும் மனிதர் சமம் என்ற எண்ணத்துக்கு வழிவிட்டது என்பது அவர் வாதத்தின் ஒரு முக்கியப் பகுதி. எனக்கு இது சரியாகவே படுகிறது. தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுத்த சபையார், ஆள்பவரையும் அப்படித் தேர்ந்தெடுக்க நினைப்பது இயல்புதானே.

ஆனால் ரெயின்ஸ்பரோ தரப்பைப் போலவே அயர்ட்டனும் பியூரிட்டன்தான், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த விரும்பிய கிறிஸ்தவர். அதே வேதம், அதே ஜெபம், முடிவு மட்டும் நேர் எதிர். கடவுளால் மீட்கப்படுபவர்கள் சிலரே என்ற கால்வினியக் கொள்கை வேறு இந்தச் சமத்துவத்தோடு இடிக்கிறது. இதை யார் நன்றாக விளக்கியிருக்கிறார்கள்? வுட்ஹவுஸை மறுத்து எழுதியவர்களையும் சொல்லுங்கள். கிளார்க்கின் குறிப்புகளுக்கு 1891ல் வந்த ஃபர்த் பதிப்பின் முதல் தொகுதி எந்த நூலகத்தில் கிடைக்கும் என்று தெரிந்தால் அதுவும் பெரிய உதவி.