2001-இல் ஐரோப்பிய கிளப் கூடைப்பந்துக்கு இரண்டு சாம்பியன்கள்: எந்தப் பட்டம் பெரியது?

கேள்வி
எழுதியவர்: வலைக்கூடை

ஐரோப்பிய ஆண்கள் கிளப் கூடைப்பந்தின் சாம்பியன் பட்டியலை 1958 முதல் வரிசையாகப் படித்து வருகிறேன். பெருந்தொற்றால் கைவிடப்பட்ட 2020-ஐ விட்டுவிட்டால், ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே ஒரு கிளப்பின் பெயர்தான் இருக்கிறது. 2001-க்கு மட்டும் மக்காபி டெல் அவிவ், விர்ட்டஸ் போலோன்யா என்று இரண்டு பெயர்கள் உள்ளன. அந்தப் பருவத்தில் போட்டியே இரண்டாகப் பிரிந்துபோனது என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டேன். பிரிவு எதனால் வந்தது, எந்தெந்த அணிகள் எந்தப் பக்கம் நின்றன, இரண்டு சாம்பியன்களும் ஏன் தங்களுக்குள் மோதவில்லை என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இரண்டில் எதை அந்த ஆண்டின் உண்மையான பட்டமாகக் கொள்ளலாம் என்பதைப் பற்றியும் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

பதில் 1
எழுதியவர்: பழைய ஸ்கோர்போர்டு

1958-இல் முதல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை ரீகா நகரின் ராணுவ அணி வென்றதிலிருந்து 2000 வரை, இந்தப் போட்டியை நடத்தியது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாதான். 1996 முதல் அதற்கு யூரோலீக் என்று பெயர். தொண்ணூறுகளில் ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம் ஆகிய நாடுகளின் கிளப்புகள் வீரர்களின் சம்பளத்துக்காகப் பெருந்தொகை செலவழித்தன. ஆனால் ஐரோப்பியப் போட்டியின் தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், ஆட்ட நாள்கள் ஆகிய எதிலும் முடிவெடுக்கும் அதிகாரம் அவற்றின் கையில் இல்லை. செலவு செய்பவர் ஒருவர், தீர்மானிப்பவர் வேறொருவர் என்ற இந்த நிலையே பிரிவுக்கு மூல காரணம்.

ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் லீகுகள் 1991-இல் சேர்ந்து தொடங்கிய யூலெப் என்ற கூட்டமைப்பு, 2000-இல் ஜோர்டி பெர்தோமேயுவின் தலைமையில் ஒரு நிறுவனத்தை அமைத்துத் தனிப் போட்டியை அறிவித்தது. இந்த இடத்தில் ஃபிபாவின் பெரும் கவனக்குறைவு ஒன்று வெளிப்பட்டது. தானே வழங்கிவந்த யூரோலீக் என்ற பெயரை அது வணிகக் குறியாகப் பதிவு செய்திருக்கவில்லை. ஆகவே பிரிந்து சென்றவர்கள் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ள, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போட்டியை நடத்திய ஃபிபா தன் போட்டிக்கு சுப்ரோலீக் என்ற புதிய பெயரைத் தேட வேண்டியதாயிற்று. மரபு ஒரு பக்கமும் பெயர் மறுபக்கமுமாகப் பிரிந்ததால்தான் இன்றைய பட்டியலைப் படிப்பவர்களுக்கு இவ்வளவு குழப்பம்.

புதிய யூரோலீகில் 24 அணிகள் இருந்தன. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, விட்டோரியா நகரின் டாவ் செராமிகா, கிண்டர் என்ற விளம்பரப் பெயரில் ஆடிய விர்ட்டஸ் போலோன்யா, அதே நகரின் ஃபோர்ட்டிட்யூடோ, பெனெட்டன் திரெவீசோ, ஒலிம்பியாகோஸ், ஏஇகே, ஜல்கிரிஸ், சிபோனா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சுப்ரோலீகின் 20 அணிகளில் அப்போதைய நடப்பு சாம்பியனான பானதினாய்கோஸ், மக்காபி, சிஎஸ்கேஏ மாஸ்கோ, எஃபெஸ் பில்சன், பார்ட்டிசான், போ ஓர்தேஸ் ஆகியவை இருந்தன. பிரிவு நாடுகளின் எல்லைக்கோட்டில்கூட நேராக விழவில்லை. கிரேக்கத்தில் பிரேயஸ் நகரின் ஒலிம்பியாகோஸும் அதை அடுத்துள்ள ஏதென்ஸின் பானதினாய்கோஸும் எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சென்றன. இஸ்ரேலில் மக்காபி ஃபிபாவுடன் நிற்க, ஹபோயெல் ஜெருசலேம் யூரோலீகுக்குச் சென்றது.

இரண்டு சாம்பியன்களும் ஏன் மோதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரு அமைப்புகளும் ஒன்றையொன்று போட்டியாளராகக் கருதிய அந்தப் பருவத்தில், அத்தகைய ஆட்டத்துக்கு ஒப்புக்கொள்வதே எதிர்த்தரப்பின் கோப்பைக்குச் சம அந்தஸ்து தருவதாக ஆகியிருக்கும் என்பது என் எண்ணம்.

பதில் 2
எழுதியவர்: போலோன்யா ரசிகன்

வரலாற்றுப் பின்னணியை முந்தைய பதில் நன்றாகக் கூறிவிட்டது. ஆடுகளத்தில் நடந்ததை வைத்துப் பார்த்தால், அந்த ஆண்டின் சிறந்த அணி கிண்டர் போலோன்யாதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

யூரோலீகின் இறுதி ஒரே ஆட்டமாக அன்றி, ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்ல வேண்டிய தொடராக நடந்தது. கிண்டர் தன் நகரத்து எதிரியான ஃபோர்ட்டிட்யூடோவை அரையிறுதித் தொடரில் ஓர் ஆட்டம்கூட விட்டுக்கொடுக்காமல் வீழ்த்திவிட்டு இறுதிக்கு வந்தது. துஷ்கோ இவானோவிச் பயிற்றுவித்த டாவ் செராமிகா அணியோ முதல் ஆட்டத்தை போலோன்யாவிலேயே 78–65 என்று வென்று அனைவரையும் அதிர வைத்தது. இரண்டாம் ஆட்டத்தில் கிண்டர் 94–73 என்று மீண்டெழுந்து, மூன்றாவதை விட்டோரியாவுக்கே சென்று 80–60 என்று கைப்பற்றியது. அத்துடன் தொடர் முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, நான்காவது ஆட்டத்தில் டாவ் 96–79 என்று பதில் அளித்தது. 2001 மே 10 அன்று போலோன்யாவில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தை 82–74 என்று வென்றபோதுதான் கோப்பை கிண்டரின் கைக்கு வந்தது. ஐந்து ஆட்டங்களில் இரண்டை அதனதன் வருகை அணி வென்றதையும், முதல் நான்கிலும் வித்தியாசம் 13 புள்ளிகளுக்குக் குறையாததையும் கவனியுங்கள். ஒவ்வோர் இரவுக்குப் பின்னும் தோற்ற அணியின் பயிற்சியாளர் எதையோ மாற்றியிருக்கிறார், அதற்கு வென்ற அணியின் பயிற்சியாளர் மறு ஆட்டத்தில் விடை கண்டிருக்கிறார். ஒரே ஆட்டத்தில் முடியும் இறுதியில் இதற்கு இடமே இல்லை.

எத்தோரே மெஸ்ஸினா பயிற்றுவித்த அந்த கிண்டர் அணியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சாஷா டனிலோவிச் 2000-இல் ஓய்வு பெற்றபின் அணியின் தலைமை யாரிடம் செல்லும் என்ற கேள்வி இருந்தது. அன்டுவான் ரிகோடோவின் அனுபவம், மார்கோ யாரிச்சின் நீண்ட கைகள், வளையத்தடியில் ரஷார்ட் கிரிஃபித்தின் பருமன், மட்யாஸ் ஸ்மோடிஷின் எறிதிறன் எல்லாம் இருந்தும், தொடரை மாற்றியவர் அப்போது 23 வயதான மனு ஜினோபிலிதான். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே வளைந்து நுழையும் அவருடைய பாணியை அமெரிக்க ரசிகர்கள் என்பிஏ லீகின் சான் அன்டோனியோ அணியில் வியந்து பார்த்தது 2002-க்குப் பிறகே. எதிரணியில் லூயிஸ் ஸ்கோலா, ஃபாப்ரிசியோ ஓபர்தோ என்ற இரண்டு அர்ஜென்டினர்கள் ஆடினார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை 89–81 என்று வீழ்த்தித் தங்கம் வரை சென்ற அர்ஜென்டினா அணியில் இந்த மூவரும் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இறுதித் தொடரின் தரம் விளங்கும்.

அதே பருவத்தில் இத்தாலிய லீகையும் இத்தாலியக் கோப்பையையும் கிண்டரே வென்றது. மூன்று முனைகளிலும் வென்ற அணியை இரண்டாமிடத்தில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

பதில் 3
எழுதியவர்: நடுக்கோடு

போலோன்யா ரசிகனின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆயினும் கிண்டர் அந்த ஐரோப்பியப் பருவத்தில் பானதினாய்கோஸையோ மக்காபியையோ சிஎஸ்கேஏவையோ ஒருமுறைகூட எதிர்கொள்ளவில்லை என்ற உண்மையை அவர் கடந்துசெல்கிறார்.

2000-ஆம் ஆண்டு தெசலோனிகியில் நடந்த, பிரிவுக்கு முந்தைய கடைசி இறுதி ஆட்டத்தை நினைவுகூர வேண்டும். அதில் மோதியவை பானதினாய்கோஸும் மக்காபியும். கிரேக்க அணி 73–67 என்று வென்றது. அதாவது ஐரோப்பாவின் முதல் இரண்டு அணிகள் என்று ஆடுகளத்தில் மெய்ப்பித்த இருவருமே மறு பருவத்தில் சுப்ரோலீகில் ஆடினார்கள். பாரிஸின் பெர்சி அரங்கில் 2001 மே மாதம் நடந்த ஃபைனல் ஃபோரில் (கடைசி நான்கு அணிகள் ஒரே நகரில் கூடி, தலா ஒரே ஆட்டமாக அரையிறுதியையும் இறுதியையும் ஆடும் முறை) மக்காபி அரையிறுதியில் சிஎஸ்கேஏவை 86–80 என்றும், பானதினாய்கோஸ் எஃபெஸ் பில்சனை 74–66 என்றும் வென்றன. மே 13 அன்று நடந்த இறுதியில், ஓராண்டுக்கு முன் தோற்ற அதே எதிராளியை மக்காபி 81–67 என்று வீழ்த்தியது. போலோன்யாவில் கோப்பை வழங்கப்பட்டு மூன்று நாள்களே ஆகியிருந்தன.

பினி கெர்ஷோன் பயிற்றுவித்த மக்காபி அணியில் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரியல் மெக்டோனால்ட், உயரமான நேட் ஹஃப்மன், பின்னாளில் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராக வளர்ந்த ஆன்டனி பார்க்கர் ஆகியோர் இருந்தார்கள். எதிரே ஜெல்கோ ஒப்ராடோவிச் பயிற்சியாளராகவும் தேயான் போதிரோகா முன்னணி வீரராகவும் நின்ற அணி. அப்படிப்பட்ட அணியை இறுதி ஆட்டத்தில் 14 புள்ளி வித்தியாசத்தில் வெல்வது எளிதான செயலன்று. 1981-க்குப் பின் இருபது ஆண்டுகள் காத்திருந்த கிளப்புக்கு அது எவ்வளவு பெரிய பட்டம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதன் மதிப்பை, போட்டியை நடத்திய அமைப்பின் தோல்வியைக் காட்டிக் குறைப்பது அந்த வீரர்களுக்குச் செய்யும் அநீதி என்று உறுதியாக நம்புகிறேன்.

மேலும், இரு தரப்பும் ஒன்றிணைந்த 2001–02 பருவத்தின் ஃபைனல் ஃபோர் போலோன்யாவிலேயே நடந்தது. அங்கே சொந்த ரசிகர்களின் முன்னிலையில், ஜினோபிலியும் மெஸ்ஸினாவும் இருந்த அதே கிண்டரை பானதினாய்கோஸ் இறுதியில் 89–83 என்று வென்றது. முந்தைய ஆண்டு மக்காபியிடம் தோற்ற அணிதான் அது.

பதில் 4
எழுதியவர்: போலோன்யா ரசிகன்

நடுக்கோடு எடுத்துக்காட்டிய 2002 இறுதியின் முடிவை மறுக்க முடியாது. ஆனால் அதைக் கொண்டு 2001-ஐ அளந்தால் அவருடைய வாதத்துக்கே அது எதிராகத் திரும்பும். அதே போலோன்யா ஃபைனல் ஃபோரின் அரையிறுதியில் பானதினாய்கோஸிடம் தோற்றது மக்காபி. கிண்டரோ பெனெட்டன் திரெவீசோவை வென்று இறுதிவரை சென்றது. ஓராண்டின் முடிவை மற்றோர் ஆண்டின் ஆட்டத்தால் தீர்மானிக்க முயன்றால் இருவருக்கும் நியாயம் கிடைக்காது. சுப்ரோலீகின் மேல்மட்டம் வலிமையானது என்ற அளவுக்கு ஏற்கிறேன். ஸ்பெயினின் முன்னணி கிளப்புகளும் போலோன்யாவின் இரு அணிகளும் இல்லாத போட்டியை முழு ஐரோப்பாவின் போட்டி என்று கூற முடியாது என்பதையும் அவர் ஏற்பார் என்று நம்புகிறேன்.

பதில் 5
எழுதியவர்: பழைய ஸ்கோர்போர்டு

இருவரும் கூறியவற்றைச் சேர்த்துப் படித்தால், அந்தப் பருவம் ஏன் மீண்டும் அப்படியே நடக்கவில்லை என்பது விளங்கும். இரண்டு அமைப்புகளிடமும் பாதி ஐரோப்பாதான் இருந்தது. அது தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் தெரிந்தது, கிளப்புகளுக்கும் தெரிந்தது. 2001–02-இல் 32 அணிகளோடு ஒரே போட்டி வந்தபோது யூலெப் தரப்பின் பெயரும் நிறுவனமும் நிலைத்தன. சுப்ரோலீக் ஒரே பருவத்துடன் மறைந்தது. ஆனால் ஆட்ட அமைப்பில் வென்றது பழைய மரபுதான் என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1988 முதல் ஃபிபா தொடர்ந்து நடத்திவந்த ஃபைனல் ஃபோர் முறையே புதிய போட்டிக்கும் வந்தது. ஐந்து ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடர் 2001-இல் மட்டுமே நடந்து, அதோடு நின்றுவிட்டது. போலோன்யா ரசிகன் விவரித்த அந்தத் தொடரைப் போல இன்னொன்று ஐரோப்பியக் கோப்பைக்கு நடக்காமல் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆயினும் பல நாட்டு ரசிகர்கள் ஒரே நகரில் கூடும் அந்த வார இறுதியைக் கிளப்புகள் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டதும் புரிந்துகொள்ளக் கூடியதே.

பகை மட்டும் முழுமையாகத் தீரவில்லை. ஃபிபா 2016-இல் தன் சொந்த சாம்பியன்ஸ் லீகைத் தொடங்கியபோதும், அதே பருவத்தில் யூரோலீக் 16 அணிகள் கொண்ட முழுச் சுற்று லீகாக மாறியபோதும், 2017 முதல் தேசிய அணிகளின் தகுதிச் சுற்றுகள் கிளப் பருவத்தின் நடுவே வைக்கப்பட்டபோதும் கேட்ட வாதங்கள் 2000-இல் கேட்டவையே. அட்டவணை யாருடையது, வீரரின் சம்பளத்தைக் கொடுப்பவருக்கு என்ன உரிமை என்ற இரண்டு கேள்விகளும் இன்றுவரை விவாதத்தில் இருக்கின்றன.

பதில் 6
எழுதியவர்: வலைக்கூடை

விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் சம மதிப்புடன் வைப்பதே சரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள்: மக்காபியின் ஆறு ஐரோப்பியப் பட்டங்கள் என்று எழுதும்போது 2001-உம் அதில் சேருகிறதல்லவா?

பதில் 7
எழுதியவர்: நடுக்கோடு

சேருகிறது. 1977, 1981, 2001, 2004, 2005, 2014 ஆகியவையே அந்த ஆறு. விர்ட்டஸுக்கு 1998-உம் 2001-உம். ஆனால் வீரர்களின் தனிப்பட்ட கணக்கைப் பார்க்கும்போது கவனமாக இருங்கள். யூரோலீகின் புள்ளிவிவரத் தொகுப்பு 2000–01 பருவத்திலிருந்து தொடங்குகிறது, சுப்ரோலீக் ஆட்டங்கள் அதில் இடம்பெறவில்லை. ஆகவே ஜினோபிலி அந்த ஆண்டு எடுத்த புள்ளிகள் அங்கே இருக்கும். பார்க்கருக்கும் போதிரோகாவுக்கும் கணக்கு 2001–02-இலிருந்துதான் ஆரம்பமாகும். பட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அந்தப் பட்டத்துக்காக ஆடிய ஆட்டங்களையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.