தருமபுரிக் கறையும் நான் போட்ட வெனீரும்

சொந்த ஊர் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம், கல்யாணமாகி வந்தது சென்னை பழைய வண்ணாரப்பேட்டை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. நாங்கள் குடித்து வளர்ந்ததெல்லாம் ஃப்ளோரைடு அதிகமான போர்வெல் தண்ணீர். முன்பற்களில் செங்காவி பூசினாற்போல் கறை. ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலில், அதாவது பல்லின் மேல்பூச்சில், ஏறியது, தேய்த்தால் போகுமா? எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் வேலை. சிரிப்பு வந்தால் விரித்துக் காட்டும் புடவையாலேயே வாயை மறைத்துக்கொள்வேன்.

போன வருஷம் மேல்வரிசை ஆறு பல்லுக்குப் போர்சலின் வெனீர், அதாவது பல்மேல் ஒட்டும் பீங்கான் ஓடு, போட்டேன். டாக்டர் மாதிரிக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார். நகம் அளவுக்கு மெல்லிசு. "முழுப் பல்லையும் மூடுற கேப் இல்லம்மா, முன்பக்கம் மட்டும் ஒட்டுறது. அதுக்கு எனாமலை அரை மில்லிமீட்டர் போல சீவணும். சீவினது திரும்ப வளராது" என்றார். இரண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் போனேன்.

நேரம் பிடித்தது நிறம் பார்க்கத்தான். வெனீரை அப்புறம் ப்ளீச் செய்து வெளுக்க முடியாது. நான் இருப்பதிலேயே வெள்ளையைக் காட்டினேன். டாக்டர் வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் அதை உதட்டருகே பிடித்துக் கண்ணாடியைத் தந்தார். பாத்ரூம் டைல்ஸ்! டியூப்லைட்டில் பார்த்த கலர் வெயிலில் வேறாகத் தெரியும் என்று தினமும் ஊருக்குச் சொல்கிறவள் நான். லேசாக மஞ்சள் ஓடியதை எடுத்தேன்.

ஒட்டும் அன்று வலி இல்லை. ஆசிட் ஜெல், பசை, நீல விளக்கு, அவ்வளவுதான். சீவிவிட்டுத் தற்காலிக வெனீரோடு இருந்த நாட்களில்தான் மோர்கூடக் கூசியது. கொய்யாக்காயை இப்போது நறுக்கித்தான் தின்கிறேன்.

இதைப் படித்த ஒருவரின் பதில்: தங்கச்சி, நான் ராயபுரத்துக்காரன், என் கதை வேறு. இருபது வருஷ வெற்றிலைப் பாக்கு. நேராகப் போய் வெனீர் கேட்டேன். "ஈறில் ரத்தம் வருது, முதல்ல க்ளீனிங்" என்றார்கள். கறை மேலோட்டமானதுதான் போல, அதிலேயே பாதி போய்விட்டது. முன்னால் இருந்த சந்துக்கு மட்டும் காம்போசிட் (பல் நிறப் பிசின்) வெனீர், ஒரே சிட்டிங்கில் முடிந்தது. போர்சலினைவிடச் செலவு குறைவு, ஆனால் டீக்கறை பிடிக்கும், ஆயுளும் கம்மி. ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று வீட்டில் சொல்வார்கள், அதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன். மூன்றாம் மாதமே ஓரம் பெயர்ந்தது. அப்புறம் ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை, நைட் கார்டு, கொடுத்தார்கள். பேத்தி அதை எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறாள், தினமும் தேடல்தான்.