எலி மருந்து தின்ற பிறகும் மூன்று நாள் ஓடியாடிய சிட்டு

எங்கள் நாய் சிட்டு மூன்றரைக் கிலோ. அலமாரிக்கு அடியில் என் கை நுழையாத சந்தில், குச்சியால் தள்ளி எலி மருந்துக் கட்டி வைத்திருந்தேன். அங்கே சிட்டுவின் தலை நுழையும் என்று தோன்றவே இல்லை. திங்கட்கிழமை காலை பார்த்தால் கட்டியில் பாதியைக் காணோம். எலி மாட்டியது என்று சந்தோஷப்பட்ட ஆள் நான்.

அன்றும் அடுத்த இரண்டு நாளும் வழக்கமான ஓட்டம், குரைப்பு, சாப்பாடு. மலம் மட்டும் நீலப் பச்சையாக இருந்தது. புல் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். மருந்தில் கலந்த சாயம் அது. வியாழன் காலை தட்டு வைக்கும் சத்தம் கேட்டும் எழுந்து வரவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி. அடிவயிற்றில் கட்டைவிரல் அகலத்துக்கு ரத்தம் கட்டிய கறுப்பு.

டாக்டர் முதலில் கேட்டது, “மருந்துக் கவர் இருக்கா?” நல்ல வேளை, இருந்தது. அதில் புரோமடியோலோன் என்று போட்டிருந்தது. இந்த வகை மருந்து, ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே உடம்பில் புதுப்பிக்கப்படுவதைத் தடுத்துவிடுமாம். ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் கையிருப்பு தீரும் வரை நாய் நன்றாகத்தான் இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளில்தான் உள்ளே கசிய ஆரம்பிக்கும். திங்களே கொண்டு போயிருந்தால் வாந்தி எடுக்க வைத்து, விஷத்தை உறிஞ்சும் மருத்துவக் கரி கொடுத்தே பெரும்பாலும் சமாளித்திருக்கலாம். வியாழன் என்பதால், ரத்தம் உறைய உதவும் பொருள்கள் உள்ள பிளாஸ்மா ஏற்ற வேண்டியதாகிவிட்டது.

எல்லா எலி மருந்தும் இப்படி இல்லை. ஜிங்க் பாஸ்பைடு சில மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும், அதற்கு வைட்டமின் கே உதவாது. வயிற்றில் அது விஷ வாயுவாக மாறுவதால், வாந்தி எடுக்கும் நாயின் பக்கத்தில் குனிந்திருக்கும் நமக்கும் ஆபத்து. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். கவரைத் தூக்கி எறியாதீர்கள் என்பது அதனால்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. நான்கு வாரம் வைட்டமின் கே1 மாத்திரை. கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போட்டேன். சோபாவிலிருந்து குதிக்கக் கூடாது, எலும்பு கிடையாது. காலையும் மாலையும் ஈறு பார்ப்பேன். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். பத்தாவது நாளே துள்ள ஆரம்பித்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று எனக்குச் சபலம். கூடாது. மருந்து வாரக்கணக்கில் ஈரலில் தங்கியிருக்கும். கடைசி மாத்திரைக்கு 48 மணி நேரம் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனை நாளை மறுநாள்.

—

சிட்டு கதையைப் படித்தேன். உங்களுக்கு மூன்று நாள் கிடைத்தது, எங்கள் நாய்க்கு அரை மணி நேரம்கூட இல்லை. கைப்பையிலிருந்த சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை எடுத்து மென்றுவிட்டான். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்தது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு இன்சுலினைக் கொட்ட வைத்து ரத்தச் சர்க்கரையைச் சரேலென இறக்கிவிடும். கால் பின்னி, சுவரில் மோதி விழுந்தான். போனில் டாக்டர் சொன்னபடி சர்க்கரைப் பாகை ஈறில் தடவிக்கொண்டே ஓடினோம். இரவு முழுக்க குளுக்கோஸ் ஏறியது. அப்புறம் மூன்று நாள் ஈரல் பரிசோதனை. சில பற்பசைகளிலும் இது இருக்கிறது, பாருங்கள்.

—

நான் செய்த தப்பு வேறு. எங்கள் நாய் டார்க் சாக்லேட் தின்றுவிட்டாள் என்று பதறி, வாந்தி வரட்டும் என உப்புத் தண்ணீர் புகட்டினேன். சாக்லேட்டை விட உப்புதான் அவளை அதிகம் படுத்தியது. ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வந்தது. டாக்டர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. கழிப்பறை கழுவும் அமிலம், மண்ணெண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே போகும்போது ஒரு முறை சுட்டது, வெளியே வரும்போது மறுபடி சுடும். நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம்.

—

எங்கள் வீட்டில் விஷத்தை ஊட்டியதே நாங்கள்தான். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று. நமக்குச் சாதாரண மாத்திரை. இரண்டு கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 250 மில்லிகிராம். ஈறு பழுப்பாகிவிட்டது. விஷமுறிவு மருந்து ஏறி, மூச்சு சீராகும் வரை என் மாமியார் பேசவே இல்லை; கொடுத்தது அவர்தான்.

—

சிட்டு வீட்டிலிருந்து: இன்று பரிசோதனை முடிந்தது, ரத்தம் சரியாக உறைகிறது. எலி மருந்தை எல்லாம் எடுத்தாகிவிட்டது, இனி எலிக்கூண்டுதான். சிட்டு வந்ததும் அலமாரிச் சந்தில் தலையை விட்டுப் பார்த்தாள். அங்கே இப்போது ஒரு பலகை அடித்திருக்கிறேன்.