கடைல காப்பி போட்ட லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓ ஒரிஜினல்தானானு எப்படிப் பாக்குறது?

பெகு பையன்:
அண்ணன்மாரே ஒரு உதவி. விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபரோட நின்னு போச்சுல்ல, அதான் பழைய லேப்டாப்ல அதுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்குற இலவச ஓஎஸ் போடலாம்னு இருக்கேன். இங்க பர்மாவுல பெகுல கரண்ட் வந்து போறதுக்குள்ள 3 ஜிபி எங்க இறங்குது, அதனால ரங்கூன்ல ஒரு கடைல பென்டிரைவ்ல மின்ட் 22 ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற முழு ஃபைல்) காப்பி வாங்கிட்டு வந்தேன். கூடவே ஷா256 நம்பர் (ஃபைல வச்சுக் கணக்குப் போட்டு வர்ற அடையாள எண், ஹாஷ்னு சொல்வாங்க) போட்ட டெக்ஸ்ட் ஃபைலும் குடுத்தாங்க, விண்டோஸோட சர்ட்யூடில் கமாண்ட்ல பாத்தா 64 எழுத்தும் அப்படியே ஒத்துப் போகுது. இன்ஸ்டால் பண்ணிரலாமா?

ரங்கூன் குமார்:
பொறு தம்பி. ஐஎஸ்ஓவும் நம்பரும் ஒரே கைலருந்து வந்தா அது காப்பி சரியா ஆச்சுங்குறதுக்குத்தான் சாட்சி, ஐஎஸ்ஓவ மாத்துனவனுக்கு டெக்ஸ்ட் ஃபைல மாத்த எவ்வளவு நேரம் ஆகும்? 2016 பிப்ரவரில மின்ட் சைட்டையே உடைச்சு 17.3 சினமன் பதிப்போட லிங்க, பின்கதவு (திருட்டுத்தனமா உள்ள நுழையுற வழி) வச்ச ஐஎஸ்ஓவுக்கு திருப்பி விட்டாங்க. மின்ட் சைட்லருந்து ஷா256 லிஸ்டையும் அதோட ஜிபிஜி கையெழுத்து ஃபைலையும் (லிஸ்ட் மின்ட்காரங்க போட்டதுதானானு ஜிபிஜி புரோகிராம்ல பாக்குறதுக்கு) மட்டும் இறக்கு, ரெண்டும் பொடி ஃபைல், விபிஎன் எவ்வளவு இழுத்தாலும் வந்துரும்.

பெகு பையன்:
இறக்கிட்டேன்ணே, லிஸ்ட்ல வேற நம்பர் இருக்கு!! கடைக்கு போன் போட்டா "பர்மா ஃபான்ட், கீபோர்டு எல்லாம் உள்ள சேத்துக் குடுத்துருக்கோம், நல்லதுக்குத்தான்"ங்குறாங்க. அப்ப பரவால்லையா?

மோல்மேன் அக்கா:
அவங்க சொல்றது நெசமாவே இருக்கலாம் தம்பி, ஆனா ஒரு பிட் மாறுனாலும் ஹாஷ் முழுசா மாறிரும், ஃபான்ட் மட்டும்தான் சேத்தாங்களா வேற எதுவும் சேத்தாங்களானு அந்த நம்பர் சொல்லாது. நானா இருந்தா தொடமாட்டேன். ஃபான்ட அப்புறமா நாமளே போட்டுக்கலாம். டோரன்ட்ல (பல பேரோட மிஷின்லருந்து துண்டு துண்டா இறக்குற முறை) இறக்கு, கரண்ட் போனாலும் விட்ட எடத்துலருந்து புடிச்சுக்கும், ஒவ்வொரு துண்டையும் ஹாஷ் பாத்துதான் சேக்கும். ஆனா டோரன்ட் ஃபைல மின்ட் சைட்லருந்தே எடு.

பெகு பையன்:
அக்கா ஒரு வழியா இறங்கிருச்சு, நம்பர் லிஸ்ட்டோட ஒத்துப் போகுது. கையெழுத்த ஜிபிஜில பாத்தா "குட் சிக்னேச்சர்"னு வருது, ஆனா கீழயே இந்த சாவி நம்பகமான கையெழுத்தால சான்று பெறலனு வார்னிங், பயமா இருக்கு.

ரங்கூன் குமார்:
அதுக்குப் பயப்படாத, அந்தச் சாவி (கையெழுத்தச் சரிபாக்க உதவுற டிஜிட்டல் சாவி) யாருதுனு உன் மிஷினுக்கு நீ இன்னும் சொல்லலைங்குது, அவ்வளவுதான். சாவியோட கைரேகை (ஃபிங்கர்பிரின்ட்ங்குற அடையாள எண்) 40 எழுத்து வரும், அத மின்ட் இன்ஸ்டாலேஷன் கைட்ல போட்டுருக்குறதோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாரு, கடைசி 8 மட்டும் பாத்து விட்றாத, அந்த அளவுக்கு ஒத்துப் போற போலிச் சாவி செய்ய முடியும். முடிஞ்சா வேற நெட்லருந்தும் அந்தப் பக்கத்தத் தெறந்து பாரு. "பேட் சிக்னேச்சர்"னு வந்தாலோ, கைரேகை ஒத்துப் போகலைன்னாலோதான் ஃபைல அழிக்கணும்.

பெகு பையன்:
40ம் ஒண்ணுதான்ணே, கூட்டாளி போன்லயும் பாத்துட்டேன். கரண்ட் இருக்கும்போதே போட்டுர்றேன்.